தட்டுவடைக்கு எதிர்க்கடை

சென்ற கல்வியாண்டில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் இருக்கும். நமது பள்ளிச் சாலை பெரிய ரோட்டில் போய்ச் சேரும் முனையில், நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த சைக்கிள் கடை ஒன்று இரவோடு இரவாகச் சிவப்பும் மஞ்சளுமாக மாறியது. திங்கட்கிழமை காலையில் பெயர்ப்பலகை ஏறிற்று. மாலையில் விளக்குகள் எரிந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்பு உருளைகள் மெல்லச் சுழல, அவற்றின் மேல் விரலைப் போன்ற ஸாஸேஜ்கள் புரண்டுகொண்டிருந்தன. சேலத்தில் பிறந்து சேலத்திலேயே வளர்ந்த எங்களில் பலருக்கு ‘ஹாட் டாக்’ என்ற பண்டத்தை நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தக் கடைக்கு நேர் எதிரே, புங்கமரத்தடியில், தட்டுவடை செட் தள்ளுவண்டி நிற்கிறது. அது எப்போது வந்தது என்று கேட்டால், நமக்கு முன் இங்கே படித்து இன்று இங்கேயே ஆசிரியைகளாக இருப்பவர்கள், “நாங்கள் படிக்கும்போதே இருந்தது” என்கிறார்கள். இரண்டு கடைகளுக்கும் இடையே ஒரு தார்ச்சாலையின் அகலந்தான். அந்த அகலத்தில் எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஆண்டு மலருக்கு எழுத வேறு விஷயமா கிடைக்கவில்லை என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். காலத்தின் அருமை, கல்வியின் மேன்மை ஆகியவற்றைப் பற்றி நம் மலரில் ஆண்டுதோறும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. ஆனால் நாங்கள் எங்கள் சொந்தக் காசைக் கொண்டு, யாரிடமும் கேட்காமல், தினந்தோறும் முடிவு செய்கிற காரியம் ஒன்று உண்டு என்றால் அது மாலை நாலரை மணிக்கு எந்தக் கடைக்குப் போவது என்பதுதான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறோம்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் தட்டுவடை செட் இன்னதென்று சொல்லிவிடுகிறோம். தட்டை என்று மற்ற ஊர்களில் சொல்லப்படுவதே இங்கே தட்டுவடை. அரிசி மாவும் உளுந்து மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து, ஊறிய கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து, துணிமேல் மெல்லிதாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். செட்டுக்கென்று தட்டுவது உள்ளங்கையில் பாதி அளவே இருக்கும். ஒரு தட்டுவடையின் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி இரண்டையும் தடவி, துருவிய காரட்டும் பீட்ரூட்டும் பொடியாக அரிந்த வெங்காயமும் குவித்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி வைத்தால் ஒரு ஜோடி. சிவப்புச் சட்னியில் மிளகாயும் பூண்டும், பச்சையில் கொத்தமல்லியும் புதினாவும். வாங்கிய உடனே தின்றுவிட வேண்டும். இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் கீழ்த்தட்டு ஊறிப்போய்விடும். ஜோடியை முழுசாக வாயில் போட்டுக்கொள்வதுதான் முறை. கடித்துத் தின்ன முயன்றால் பீட்ரூட் வெள்ளைச் சீருடையில் விழும், பிறகு வீட்டில் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதே சரக்கை நொறுக்கிக் கலந்து தந்தால் நொறுக்கல். அதில் அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் சாயங்காலமானால் இந்த வண்டிகள் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

எதிர்க்கடைப் பண்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான பன் ஒன்றைப் பிளந்து, அதற்குள் கோழி இறைச்சி ஸாஸேஜ் ஒன்றை வைத்து, தக்காளி ஸாஸும் கடுகு ஸாஸும் மயோனைஸும் கோலம் போடுவது போல் இழுத்து, காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். சுவையாகவே இருக்கிறது. இதை மறைத்து எழுதினால் எங்களையே நாங்கள் ஏமாற்றிக்கொள்வதாகும். முதல் மாதம் எங்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தப் பக்கந்தான் நின்றோம்.

வண்டிக் கட்சியார் முதலில் எடுத்த ஆயுதம், “இது அந்நிய நாட்டுத் தீனி, நம்முடையதல்ல” என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. சிவப்புச் சட்னிக்கு உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோடகாமா 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசியர் வழியாகத்தான் அது நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் அந்த மிளகின் பேரைக் கொண்டே மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரட்டும் பீட்ரூட்டும் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் வேர்பிடித்தவை. சேலத்தின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்று, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது? தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கிலிருந்து! ஆகவே கப்பலேறி வந்ததையெல்லாம் தள்ளுவதென்றால், வண்டியில் தட்டுவடையும் வெங்காயமும் கொத்தமல்லியுமே மிஞ்சும். இந்த வாதத்தை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பெயரை வைத்துக் கேலி செய்தவர்களும் உண்டு. “சூடான நாய்” என்று மொழிபெயர்த்துச் சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைப் பாதியில் எறிய வைத்தார்கள். இந்தக் கேலி நமது ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1890-களிலேயே கல்லூரி மாணவர்கள், ஸாஸேஜில் என்ன இறைச்சி இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு ஒரு கடைக்கு ஹலால் சான்று தருவதற்கு, பட்டியலில் இருந்த இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று சமய அலுவலகத்தார் சொன்னதாகச் செய்தி வந்தது. பெயரைத் தவிர வேறு குறை இல்லையென்றால் அது பெரிய குறையல்ல என்பது எங்கள் எண்ணம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற பழைய சந்தேகம் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

பண்டத்தின் வரலாற்றைத் தேடியபோது எங்கள் சாலைக் கதையைப் போலவே ஒரு கதை அகப்பட்டது. நியூயார்க் நகரத்துக் கடற்கரையில் கோனி ஐலண்டு என்று ஓரிடம். அங்கே ஜெர்மனியிலிருந்து குடியேறிய சார்லஸ் ஃபெல்ட்மன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்குள் ஸாஸேஜ் வைத்து விற்றுப் பேர் பெற்றார். அவருடைய கடை பெரிய உணவு விடுதியாக வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் என்ற போலந்து நாட்டு இளைஞர் 1916-இல் அருகிலேயே ஒரு சிறு கடை போட்டார். ஃபெல்ட்மன் கடையில் விலை பத்து சென்ட். இவர் ஐந்து சென்ட்டுக்குத் தந்தார். இவ்வளவு மலிவாக விற்பது நல்ல இறைச்சிதானா என்று ஜனங்கள் தயங்கியபோது, சிலருக்கு மருத்துவரைப் போல் வெள்ளைக் கோட்டு மாட்டி, கடைவாசலில் நின்று சாப்பிட வைத்தார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பழைய கடை 1954-இல் மூடிப்போயிற்று. நேதனின் பெயர் இன்றும் ஓடுகிறது. ஆக, ஹாட் டாக் என்பதே ஒரு காலத்தில், எதிர்க்கடையின் விலையில் பாதிக்கு விற்றதால் வென்ற ஏழையின் தின்பண்டம். 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் வீட்டு விருந்தில் இதைப் பரிமாறியபோது, மன்னருக்கா இந்தத் தெருத்தீனி என்று அமெரிக்கர்களே முகம் சுளித்தார்கள்.

நமது சாலையில் இது தலைகீழாக நடக்கிறது. இங்கே புதுக்கடைதான் விலை கூடுதல். ஒரு ஹாட் டாக் வாங்குகிற காசுக்கு எதிரே மூன்று தட்டு செட் வாங்கலாம். கூடுதல் விலையே அதற்கு அழகாகவும் அமைந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி பஸ் நிறுத்தம் வரை நடப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. வண்டியில் வாங்கும் பாக்குமட்டைத் தட்டை யாரும் பெருமைக்காகச் சுமந்து போவதில்லை, அங்கேயே தின்றுவிட்டுத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். அந்தப் பெருமையை நாங்களும் அனுபவித்தோம் என்பதால்தான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறோம்.

இனி உடல்நலம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவிகிதம் கூடும் என்றும் சொன்னது. மாதத்துக்கு ஒருமுறை தின்பவர் இதைக் கேட்டுப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தினமும் தின்பவர்கள் யோசிக்க வேண்டும். மயோனைஸ் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டை நகரமென்று பேரெடுத்த நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, முட்டையைப் பச்சையாகக் கலக்கித் தடவித் தின்று நோய்ப்படுவது நமக்கு அழகா?

என்றாலும் வண்டிக் கட்சியார் இதைக் கேட்டுக் கை தட்டிக்கொள்ள வேண்டாம். தட்டுவடை எண்ணெயில் பொரிப்பது. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெடுதல். அப்படிக் கெட்ட எண்ணெயைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் வைத்து, அதற்கு மேல் போனால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் தேசிய விதியே உண்டு. பஞ்சு மிட்டாயில் துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள் என்பதும் நினைவிருக்கும். நிறம் அழகாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும் என்பதை நாங்கள் அப்போது படித்துக்கொண்டோம். உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நாங்கள் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். நல்லவேளை, இரண்டு கடைகளும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

வண்டி அக்காவிடம் எண்ணெயைப் பற்றி நாங்கள் நேராகவே கேட்டோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் சிரித்தார். “தட்டுவடை நான் சுடறதில்ல கண்ணு, அம்மாப்பேட்டையில ஒரு வீட்ல சுட்டு வாங்கறேன். வந்து பாக்கறியா?” என்றார். ஒரு சனிக்கிழமை இருவர் அவரோடு போய்ப் பார்த்தோம். தறிச்சத்தம் கேட்கும் தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில், மூன்று பெண்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தெளிவாகவே இருந்தது. ஸாஸேஜ் எங்கே செய்யப்படுகிறது என்று எதிர்க்கடையில் கேட்டதற்கு, உறைந்த பொட்டலம் ஒன்றை எடுத்து அதன்மேல் அச்சிட்டிருந்த முகவரியைக் காட்டினார் கடைக்காரர். அது வேறு மாநிலம். அவர் மேல் தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் அது இல்லை என்பதும் உண்மை.

ருசியைப் பற்றி எங்கள் முடிவை மறைக்காமல் சொல்கிறோம். ஹாட் டாக் எல்லோருக்கும் ஒன்றுபோலவே வருகிறது. முதல் தடவை அது பெரிய நன்மையாகத் தோன்றியது. பத்தாவது தடவை அப்படித் தோன்றவில்லை. வண்டியில் ஒரே நேரத்தில் பத்துப்பேர் நின்றாலும் அக்கா பத்து விதமாகத் தருவார். ஒருத்திக்குக் காரம் ஆகாது. கேட்பதற்கு முன்பே அவள் தட்டில் சிவப்புச் சட்னி பொட்டு வைத்தாற்போல் விழும். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் ஜைனத் தோழிக்கு வெங்காயமும் பூண்டும் இல்லாமல், எலுமிச்சை பிழிந்து பச்சைச் சட்னி மட்டும். பரீட்சை நாளில், “இன்னிக்கு என்ன கணக்கா? மூஞ்சி அப்படி இருக்குது” என்று கூடுதலாக ஒரு ஜோடி. இஸ்லாமியத் தோழிக்கோ, சுத்த சைவக் குடும்பத்துத் தோழிக்கோ, தவக்கால வெள்ளியில் இறைச்சி விலக்கும் எங்களுக்கோ, அந்த வண்டியில் ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கி நிற்க வேண்டிய அவசியம் வருவதில்லை. சென்ற தவக்காலத்தில் ஹாட் டாக் கட்சியில் இருந்த கத்தோலிக்க மாணவியர் எல்லோரும் வெள்ளிக்கிழமைதோறும் தலையைக் குனிந்துகொண்டு சாலையைக் கடந்ததைப் பார்த்து, எங்கள் ஸிஸ்டர் ஒருவர், “பட்டிமன்றமே வேண்டாம், காலண்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டது” என்று சிரித்தார்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ருசியும் அல்ல, தவக்காலமும் அல்ல.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். எட்டாம் வகுப்பிலிருந்து மாலையில் சேர்ந்தே நடப்போம். வண்டியில் ஒரு தட்டுக்கு ஐந்து ஜோடி. ஆளுக்கு ஒன்று. நிறையப் பசித்தால் இரண்டு தட்டு. யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் போடுவோம். ஒருத்தி பத்து ரூபாய் போடுவாள், ஒருத்தி இரண்டு ரூபாய் போடுவாள், ஒருத்தி ஒன்றும் போடமாட்டாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எந்த நாளும் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. புதுக்கடை வந்த பிறகு நால்வர் சாலையின் அந்தப் பக்கம் போனோம். ஹாட் டாக்கை ஐந்தாக வெட்டிப் பார்த்தோம். முனைத்துண்டு கிடைத்தவளுக்கு வெறும் பன், நடுத்துண்டுக்காரிக்கு எல்லாம். சிரித்துக்கொண்டே சண்டை வந்தது. மறுநாள் முதல் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். ஐந்தாமவள் தனக்குத் தலைவலி என்றாள். இன்னொரு நாள் பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றாள். பிறகு மணி அடித்ததும் நேரே பஸ்ஸுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஏறக்குறைய இரண்டு மாதம் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் ஒருநாள் மடக்கிப் பிடித்துக் கேட்டபோது அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. “நீங்க சாப்பிடறதைப் பாத்துக்கிட்டு நிக்கறதுக்கு பஸ்ஸுல போய் உக்காந்துக்கறது மேல்” என்றாள். நாங்கள் வாங்கித் தருகிறோம் என்றோம். அவள் பார்த்த பார்வையில் அதற்கு மேல் பேச முடியவில்லை. வண்டியில் காசு போடாத நாட்களில் அவள் கூசியதில்லை, ஏனென்றால் அங்கே தட்டு ஒன்றுதான். இங்கே வாங்கித் தருபவள் ஒருத்தி, வாங்கிக்கொள்பவள் ஒருத்தி என்று ஆகிவிடுகிறது. இதை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. பள்ளி விட்டு வருகிற பெண்பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் ஒரு சாலை முனைக்கு, பங்கு போடத் தகுந்த பண்டமே ஏற்றது. அந்த ஒரு காரணத்தால் தட்டுவடை செட் ஜெயிக்கிறது. வீட்டில் தம்பி தங்கைக்கு ஒன்று வாங்கிப் போவதற்கோ, டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் தனியாகப் பசியோடு நிற்கும்போதோ, ஹாட் டாக் நல்லதுதான். அது வயிற்றை நிரப்புகிறது, செட் நிரப்புவதில்லை.

எதிர்க்கடைக்காரரை வில்லனாக்கிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் ஏதோ பெருங்கம்பெனியின் ஆள் அல்லர். எஞ்சினீயரிங் படித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்து, கடன் வாங்கிக் கடை போட்ட நம்மூர் அண்ணன். அவருக்கு நாங்கள் ஒரு யோசனை சொன்னோம். மத்தியப் பிரதேசத்து இந்தூரில் ‘சப்பன் துகான்’ என்ற தின்பண்டத் தெருவில் ஜானி ஹாட் டாக் என்று ஒரு கடை பல்லாண்டுகளாக நடக்கிறது. அங்கே ஹாட் டாக் என்றால் நீளமான ஸாஸேஜ் அல்ல. வட்டமான பன்னைக் கல்லில் வாட்டி, உள்ளே முட்டை ஆம்லெட்டோ உருளைக்கிழங்கோ வைத்துத் தருகிறார்கள். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, பண்டத்தைத் தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள், ஊரும் அதைத் தன் பண்டமாகவே கொண்டாடுகிறது. இதைச் சொன்னதும் அண்ணன் உற்சாகமாகி, நாமக்கல் முட்டையில் ஆம்லெட் போட்டு, சாலையைக் கடந்து போய் அக்காவிடமே ஒரு டப்பா சிவப்புச் சட்னி வாங்கி வந்து பன்னில் தடவினார். முதல் நாள் பன் முழுவதும் ஊறிப்போய் கையோடு வந்துவிட்டது. இப்போது பன்னை நெய்யில் வாட்டுகிறார். பரவாயில்லை. அக்கா ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு, “வெங்காயத்தை இன்னும் பொடிசா அரியச் சொல்லு” என்று எங்களிடம் சொல்லி அனுப்பினார். சட்னிக்கு வாராவாரம் காசு வந்துவிடுகிறது.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் முடியவில்லை. புதுக்கடைக்கு வருகிறவர்களின் இருசக்கர வாகனங்கள் மூன்று மாதமாகப் புங்கமரத்தடியிலும் நிற்கின்றன. வண்டி முதலில் பத்தடி நகர்ந்தது. பிறகு சாக்கடை மூடியின்மேல் போய் நின்றது. மழை பெய்த நாட்களில் அக்கா வரவே இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி கணக்கெடுத்து முடித்து, விற்பனைச் சான்று தரும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் அமையும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடிமையியல் பாடத்தில் நாங்கள் படித்த சட்டங்களிலேயே இது ஒன்றுதான் எங்கள் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அக்காவை அப்புறப்படுத்தியது எந்த அதிகாரியும் அல்ல. எங்களை அழைத்துப் போக வந்து, ஒரு ஹாட் டாக்கும் வாங்கிக்கொண்டு, நிழலைப் பார்த்து வண்டி நிறுத்தும் நம் அப்பாக்களும் அண்ணன்மார்களுந்தான்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாலை நான்கு மணியிலிருந்து ஆறரை வரை புங்கமரத்தடியை விட்டுவிடுங்கள். அஞ்சல் பெட்டிக்கு அப்பால் வாகனங்களுக்கு வேண்டிய இடம் இருக்கிறது, நிழல் மட்டும் கொஞ்சம் குறைவு. நாடாவை எடுத்துப் போன அன்றே தள்ளுவண்டியையும் அளந்துவிட்டோம். நீளம் ஆறடி, அகலம் மூன்றே முக்கால் அடி. முன்னால் ஐந்து பேர் நிற்க இன்னும் மூன்றடி.